குப்தர் ஆண்டின் தொடக்கமும் கல்வெட்டுச் சான்றுகளும்

கல்வெட்டொன்றில் ஆண்டெண் பொறிக்கப்பட்டிருப்பதனால் மட்டும் அதன் காலம் துணியப்பட்டுவிடுவதில்லை. அவ்வெண் எந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டது, கழிந்த ஆண்டைக் குறிப்பதா நடப்பாண்டைக் குறிப்பதா, அவ்வாண்டு எவ்வகையினது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அது வரலாற்றுச் சான்றாகும். குப்தர் ஆண்டு பற்றிய ஆய்வு இதனை நன்கு உணர்த்துகிறது.

எட்வர்டு தாமசு குப்தர் ஆண்டைக் கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டாகவே கொண்டார். கன்னிங்காம் அதன் தொடக்கத்தைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வைத்தார். சக ஆண்டுக்கு 241 ஆண்டுகள் பிற்பட்டது குப்தர் ஆண்டு எனப் பதினோராம் நூற்றாண்டில் அல்பெருனி எழுதியிருந்தார். ஆயினும், குப்தரின் அழிவையொட்டி அது தோன்றியதாகவும் அவர் கூறியமையால் ஐயம் நீடித்தது.

அதனை நீக்கியது மந்தசோர்க் கல்வெட்டு. பட்டு நெசவாளர் குழுவினர் கதிரவனுக்குக் கோயில் எடுப்பித்த செய்தியைக் கூறும் இக்கல்வெட்டு, குமாரகுப்தன் ஆட்சியில் மாளவ ஆண்டு 493 கழிந்திருந்ததைக் குறிக்கிறது. மாளவ ஆண்டு என்பது விக்கிரம ஆண்டே ஆதலின், 57ஐக் கழிக்கக் கி.பி. 436 கிடைக்கிறது. அதே மன்னனுக்குப் பில்சட் கல்வெட்டு தரும் குப்தர் ஆண்டு 96. அதனைச் சக ஆண்டாகக் கொண்டால் கி.பி. 174 ஆகும், இரு சான்றுகளுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி ஏற்படும். 319ஐக் கூட்டினால் கி.பி. 415 ஆகி இரண்டும் ஒரே ஆட்சிக்குள் அடங்கும். பிளீட் 1888இல் வெளியிட்ட குப்தர் கல்வெட்டுத் தொகுதியில் இம்முடிவை நிறுவினார்.

புதகுப்தன் காலத்து ஏரண் தூண் கல்வெட்டு இதனை வேறொரு வழியில் உறுதிசெய்கிறது. ஆண்டு 165, ஆஷாட மாதம், வளர்பிறைத் துவாதசி, வியாழக்கிழமை என்னும் அதன் குறிப்புகள் கி.பி. 484 சூன் 21ஆம் நாளுக்குப் பொருந்துகின்றன. ஓராண்டு முன்னாகவோ பின்னாகவோ கொண்டால் திதி பொருந்தினும் கிழமை பொருந்தாது.

ஆண்டின் வகையும் ஒன்றன்று. பரிவிராசக மன்னன் அஸ்தினின் கோ செப்பேடு குப்தர் ஆண்டு 156உடன் 'மகாவைசாக' என்னும் வியாழ ஆண்டையும் சேர்த்துரைக்கிறது. பன்னிரு திங்கள் கொண்ட சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாள். ஆரியபட்டர் வகுத்த சூரிய ஆண்டோ 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 நொடி.

எனவே கல்வெட்டின் ஆண்டெண்ணைத் தனியே கொள்ளாது, அரசன் பெயர், திதி, கிழமை, வியாழ ஆண்டு ஆகியவற்றோடு இணைத்து நோக்குதலே காலத்தைத் துணிவதற்கு உரிய நெறியாகும்.