ஆக்சிலரேட்டர் மிதிச்சும் கார் நகரலையா? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ‘ஸ்லிப்’ ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை இதோ!

பெருங்களத்தூர் மேம்பாலத்தில் ஏறுகிறீர்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது. ஆர்பிஎம் முள் 4,000-ஐத் தொடுகிறது, ஆனா வண்டி வேகம் எடுக்கல. பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘கியர் ஸ்லிப் ஆகுது’ என்கிறார்கள்.

“கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்” என்றதும் தலையாட்டிவிட வேண்டாம். சில ஸ்லிப் ஆயிலோடு முடியும், சில கிளட்ச் பிளேட்டோடு முடியும். சிலவற்றுக்குத்தான் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும்.

எது ஸ்லிப், எது இல்லை?

ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், கார் தானாகவே ஒரு கியர் இறங்கும். அப்போது ஆர்பிஎம் எகிறும், வேகமும் கூடும். இது இயல்பானது. சிவிடி கார்களில் சத்தம் முதலில் கூடி, வேகம் கொஞ்சம் தாமதமாக வருவதும் இயல்புதான்.

சமதளச் சாலையில் ஒரே அளவாக மிதித்து ஓட்டும்போது ஆர்பிஎம் திடீரென ஏறி இறங்கினால் சந்தேகப்படுங்கள். ‘டி’ அல்லது ‘ஆர்’ போட்ட பிறகு வண்டி சில வினாடி யோசித்துவிட்டு ‘டக்’கென்று இழுத்தால், கருகிய வாசனை வந்தால், அதுவும் எச்சரிக்கைதான்.

உங்கள் கார் எந்த வகை?

‘ஆட்டோமேட்டிக்’ என்பது ஒரே பெயர்தான். உள்ளே இருப்பது நான்கு வகை.

* ஏஎம்டி: வேகன் ஆர், செலெரியோ, டியாகோ போன்றவை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் இயந்திரமே செய்கிறது. ஸ்லிப் ஆனால் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும். பிளேட் மாற்றிய பிறகு ஸ்கேனர் மூலம் புதிதாக ‘செட்’ செய்வது கட்டாயம்.

* டார்க் கன்வெர்ட்டர்: 6 கியர் கொண்ட பிரெஸ்ஸா, எர்டிகா போன்றவை. இதில் ஆயில் அழுத்தம்தான் கிளட்சுகளை இறுக்கிப் பிடிக்கிறது. ஆயில் குறைந்தால் பிடி தளரும், சூடு ஏறும், கிளட்ச் கருகும்.

* சிவிடி: ஹோண்டா சிட்டி, அமேஸ் போன்றவை. எஃகு பெல்ட் வழுக்க ஆரம்பித்தால் புல்லியில் கீறல் விழும். தள்ளிப்போடத் தள்ளிப்போட செலவு கூடும்.

* டிசிடி: வென்யூ டர்போ, சோனெட் டர்போ போன்றவை. இரண்டு கிளட்ச் இருக்கும். ‘டிரை’ வகையில் கிளட்சைக் குளிர்விக்க ஆயில் கிடையாது என்பதால், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சீக்கிரம் சூடாகும்.

ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்

இரும்புலியூர், பெருங்களத்தூர் நெரிசலில் இன்ச் இன்ச்சாக நகர்வது ஏஎம்டி, டிரை டிசிடி இரண்டுக்குமே ஆகாது. கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே உரசிக்கொண்டிருக்கும். முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரே மூச்சில் நகர்ந்து நில்லுங்கள். மேம்பாலச் சரிவில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். பிரேக்கை மிதியுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரா?

2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற காரின் கியர் ஆயில் ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் போல வெளுத்திருந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். கிளட்ச் பிளேட்டில் உள்ள பசையைத் தண்ணீர் இளக்கிவிடும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களும் இதைப் பார்ப்பது நல்லது.

சோதிக்கும் வரிசை

1. கசிவு: இரவு கார் நின்ற இடத்தில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா பாருங்கள்.

2. ஆயில்: இன்றைய பல கார்களில் கியர் ஆயிலுக்கு டிப்ஸ்டிக் கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றி, குறிப்பிட்ட சூட்டில்தான் அளவு பார்க்க முடியும். ஆயில் கறுத்து, கருகல் வாசனை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கலாம். உலோகத் துகள் இருந்தால் தேய்மானம் உள்ளே வரை போய்விட்டது.

3. ஸ்கேன்: பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை. பி0868 என்றால் ஆயில் அழுத்தம் குறைவு. கோடு என்பது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. சென்சார், சோலனாய்டு, வயரிங் கோளாறும் இதே போல் காட்டலாம்.

இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் கியர்பாக்ஸை இறக்கும் பேச்சே வர வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்கணும்?

“என்ன கோடு வந்தது?” என்று கேட்டு அதை எழுதி வாங்குங்கள். வடித்த ஆயிலைக் கண்ணால் பாருங்கள். கார் கம்பெனி சொன்ன அதே வகை ஆயில்தான் ஊற்றுகிறார்களா என்று டப்பாவைச் சரிபாருங்கள். சிவிடியில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் நல்ல கியர்பாக்ஸும் கெடும். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். வாரண்டி இருந்தால், வெளியே பிரிக்கும் முன் டீலரிடம் காட்டிவிடுங்கள்.

அப்படியே ஓட்டிப் போகலாமா?

வேண்டாம். ஸ்லிப் ஆகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் சூட்டைக் கூட்டும். நடு ரோட்டில் இழுவை மொத்தமாகப் போனால் விபத்து அபாயமும் உண்டு. ஹசார்டு லைட் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் உள்ளே ஆயில் ஓடாது. நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். அதற்கு ஆகும் வாடகை, கியர்பாக்ஸ் செலவோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான்.