திருக்கோணமலைப் பதிகத்தின் பண்ணும் ஒலிப்பதிவும்

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தில், சுவாமி மலைமீது எழுந்தருளியுள்ள கோணேசப் பெருமானைக் கி.பி. 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் பாடிய பதிகம், மூன்றாம் திருமுறையில் 123ஆவதாக, புறநீர்மைப் பண்ணில் அமைந்துள்ளது. 1624இல் போர்த்துக்கீசர் அக்கோயிலைத் தகர்த்தனராயினும் பதிகம் ஏட்டிலும் நாவிலும் நிலைத்து நின்றது. புறநீர்மையைப் பூபாள இராகத்தில் பாடுவது ஓதுவார் வழக்கு. ஒலிப்பதிவிற் கேட்கும் அந்நாதமே சம்பந்தர் காலத்து நாதமாகுமோ என்பது பண்ணாராய்ச்சியின் மூல வினாக்களுள் ஒன்றாகும்.

ஐரோப்பாவின் கிரெகோரியன் கீதங்களைப் பற்றியும் இவ்வினா எழுந்தது. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்தில் 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பெற்ற சுவடி, குரலின் ஏற்ற இறக்கத்தை நியூம் என்னும் குறிகளாற் காட்டுமேயன்றி, எத்தனை சுரம் ஏறிற்று என்று உரைப்பதில்லை. கோடுகளின்மேற் சுரத்தை நிறுத்தும் முறை 11ஆம் நூற்றாண்டிலே கீதோ தி அரெட்ஸோவாற் செம்மையுற்றது. பிரான்சின் சொலேம் மடத்துத் துறவிகள் 19ஆம் நூற்றாண்டிற் பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கி அவ்விசையை மீட்டனர். 1930இல் தொம் ஜோசப் கஜார் தலைமையில் அவர்கள் பாடியவை இசைத்தட்டுகளாயின. செவிக்கு மிக்க சாந்தி தரும் அத்தட்டுகளின் தாளநடையோ அம்மடத்தார் வகுத்த கொள்கையைச் சார்ந்தது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஏற்றிலர்.

தமிழ்நாட்டின் நிலை இதற்கு மறுதலையானது. ஏட்டிலே பண்ணின் பெயரன்றிச் சுரக்குறிப்பு இல்லை. ஆயினும் கோயில்களிற் பாடிவரும் ஓதுவார் பரம்பரை உண்டு. அப்பரம்பரையும் இடையறாததன்று: இராசராசனென்று கருதப்படும் சோழ மன்னன் காலத்தில் ஏடுகள் வெளிப்பட்டபின், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி வாயிலாகப் பண்கள் மீள வகுக்கப்பட்டன என்று திருமுறைகண்ட புராணம் கூறும். இசைச் சரித்திரத்தில் அப்பெண்ணுக்குரிய ஸ்தானம் மிகப் பெரிது. சீர்களின் அளவும் நடையுமாகிய கட்டளை செய்யுளோடே பிணைந்து நிற்றலால், ஐரோப்பிய கீதத்தில் மிகுந்த விவாதத்துக்குள்ளான தாளநடை, தேவாரத்திற் பெரும்பாலும் பிழைத்து நிற்கின்றது.

திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த விபுலாநந்த அடிகள், 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றிய யாழ்நூலில், தேவாரவியல் எனத் தனி இயல் வகுத்து, பழம்பண்களைக் கணித நெறியால் ஆராய்ந்தார். சென்னைத் தமிழ் இசைச் சங்கமும் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி வந்துள்ளது. தருமபுரம் ப. சுவாமிநாதன் முதலிய ஓதுவார்களின் பதிவுகள், அவர்கள் குருமுகமாகக் கேட்ட பாடாந்தரத்துக்கு உண்மையானவை. ஏழாம் நூற்றாண்டுக்கு அவற்றைச் சாட்சியாக்குதல் தகாது. பாடாந்தரத்தைத் தெளிவுறக் காப்பதே அருஞ்செயலாதலின், வாத்தியப் பெருக்கமும் மெல்லிசைச் சாயலும் புகுந்த பதிவு பக்திக்குத் துணையாயினும், ஆராய்ச்சிக்குப் பிரமாணமாகாது. பண், கட்டளை, பாடியவர், அவர் பாடங்கேட்ட ஆசிரியர் ஆகிய விவரங்கள் ஒவ்வொரு பதிவோடும் குறிக்கப்படல் வேண்டும். கோணமலைப் பதிகத்தை இலங்கைக் கோயில்களிற் பாடுவோரின் பதிவுகளுக்கும் இது பொருந்தும்.