ஏற்காடு மலை ஏற ஸ்போர்ட்டி செடான் எது? புதுசா... செகண்ட் ஹேண்டா? வாங்கும் முன் தெரிய வேண்டியவை!

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கும் சேலத்தை விட்டுக் கிளம்பும் கார், ஒரு மணி நேரத்துக்குள் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய் நிற்கிறது. குடும்பத்துக்கு ஒரு கார், அதிலும் ஓட்டுவதற்கு விறுவிறுப்பான செடான் வேண்டும் என்று தேடுபவர்களுக்கு இந்தச் சேர்வராயன் மலைப்பாதையை விட நல்ல பரீட்சை ஹால் கிடையாது.

ஷோரூம் விளம்பரத்தில் எல்லா காரும் சூப்பர்தான். ஆனால் 5 பேர், டிக்கி நிறைய பெட்டி, ஏசி ஆன், முன்னால் திணறும் பஸ்... இந்த நிலைமையில் எந்த கார் கைகொடுக்கும்? புதுசு எடுப்பதா, செகண்ட் ஹேண்ட் போதுமா? விரிவாகப் பார்ப்போம்.

எஸ்யூவி இருக்கும்போது செடான் எதற்கு?

செடானின் உடல் தாழ்வானது. எடை தரைக்கு அருகில் இருப்பதால் வளைவில் திரும்பும்போது வண்டி சாய்வது குறைவு. கொண்டை ஊசி வளைவில் பின் சீட்டில் இருப்பவர்கள் இடமும் வலமும் உருள மாட்டார்கள். வாந்தி, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி. டிக்கியும் தாராளம். விர்ட்டஸ், ஸ்லாவியாவில் 521 லிட்டர், வெர்னாவில் 528 லிட்டர், சிட்டி பெட்ரோலில் 506 லிட்டர்.

மைனஸும் உண்டு. சீட் தாழ்வாக இருப்பதால் முழங்கால் வலி உள்ள தாத்தா, பாட்டிக்கு ஏறி இறங்குவது சிரமம். புக் செய்வதற்கு முன் அவர்களையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பார்ப்பது நல்லது. அடுத்தது தரை இடைவெளி. விர்ட்டஸ், ஸ்லாவியாவுக்கு ஆள் ஏறாத நிலையில் 179 மி.மீ. என்கின்றன நிறுவனங்கள். 5 பேர் ஏறினால் இது குறையும். ஏற்காட்டின் மெயின் ரோட்டுக்குப் பிரச்சினை இல்லை. எஸ்டேட்டுகளுக்குப் பிரியும் கரடுமுரடான மண் பாதையில் அடி தட்ட வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட பாதையில் தினமும் போக வேண்டியவர்கள் செடானை யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

மலையில் இன்ஜின் ஏன் திணறுகிறது?

உயரம் கூடக் கூட காற்றின் அடர்த்தி குறையும். 1,500 மீட்டரில் கடல் மட்டத்தை விட சுமார் 14 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், கிடைக்கும் காற்றை மட்டுமே இழுத்து எரிக்கிறது. அதனால் பவரும் ஏறக்குறைய அதே அளவு குறையும். 121 பி.எஸ். என்று எழுதியிருக்கும் கார், ஏற்காடு உச்சியில் தோராயமாக 105 பி.எஸ். காராக மாறிவிடும்.

டர்போ இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு பெரிய அளவில் தெரியாது.

டார்க்: கவனிக்க வேண்டிய முக்கிய எண்

மலை ஏற்றத்தில் உச்ச வேகத்துக்கு வேலையே இல்லை. வளைவில் 15 கி.மீ. வேகத்துக்கு இறங்கி, மீண்டும் இழுத்து ஏற வேண்டும். அதற்குத் தேவை டார்க் எனப்படும் இழுவிசை. அது எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல்: 121 பி.எஸ்., 145 நியூட்டன் மீட்டர். முழு டார்க் 4,300 ஆர்பிஎம்மில். அதாவது இன்ஜினை நன்றாக மிதித்து ஓட்டினால்தான் ஏறும். ஆனால் சீரான, மென்மையான இன்ஜின்.

ஹூண்டாய் வெர்னா 1.5 சாதாரண பெட்ரோல்: 115 பி.எஸ்., 143.8 நியூட்டன் மீட்டர். குணம் கிட்டத்தட்ட சிட்டி மாதிரியேதான்.

ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ: 160 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர். 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்.

ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா 1.0 டர்போ: 115 பி.எஸ்., 178 நியூட்டன் மீட்டர். சுமார் 1,750 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பல் தெரியும். வளைவில் செகண்ட் கியரில் திணறினால் தயங்காமல் ஃபர்ஸ்ட் போட வேண்டும்.

விர்ட்டஸ், ஸ்லாவியா 1.5 டர்போ: 150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர். 1,600 ஆர்பிஎம்மில் முழு டார்க்.

ஹோண்டா சிட்டி ஹைபிரிட்: 126 பி.எஸ். பெரும்பாலான நேரம் மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பதால் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை. மைலேஜிலும் இதுதான் முதலிடம். ஆனால் பேட்டரி டிக்கியில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

'ஸ்போர்ட்டி' என்ற சொல்லுக்கு இந்தப் பட்டியலில் நியாயம் செய்பவை வெர்னா டர்போவும், 1.5 டர்போ விர்ட்டஸ், ஸ்லாவியாவும்தான். மாதம் ஒரு முறை மலை, மற்ற நாளெல்லாம் ஐந்து ரோடு, ஜங்ஷன் டிராஃபிக் என்று ஓட்டுபவர்களுக்கு 1.0 டர்போவோ சிட்டியோ தாராளம்.

கியர்பாக்ஸ்: எது சரி?

மேனுவல்: செலவு குறைவு, கட்டுப்பாடு முழுக்க கையில். ஆனால் கோடை விழா சமயத்தில் ஊர்ந்து ஏறும் டிராஃபிக்கில் கிளட்ச் தேயும், இடது காலும் தேயும்!

சிவிடி (சிட்டி, வெர்னா சாதாரண பெட்ரோல்): வழுக்கிக்கொண்டு போகும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் இன்ஜின் சத்தம் அதிகமாகக் கேட்கும்.

டார்க் கன்வெர்ட்டர் (விர்ட்டஸ், ஸ்லாவியா 1.0): ஏற்றத்தில் நின்று நின்று போவதைத் தாங்கும். குடும்பத்துக்குப் பாதுகாப்பான தேர்வு.

டூயல் கிளட்ச் (1.5 டர்போ கார்கள்): கியர் மாறுவது மின்னல் வேகம். ஆனால் ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால் கிளட்ச் சூடாகும். நின்றால் பிரேக், முன்னால் இடம் கிடைத்தால் மட்டும் ஆக்ஸிலேட்டர் என்ற பழக்கம் கட்டாயம்.

ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து!

2024 ஏப்ரல் 30-ம் தேதி ஏற்காட்டில் இருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பஸ் மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் பறிபோனதை சேலம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த ரோட்டில் இறங்குவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

20 வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க்கும் பேடும் கொதித்துப் போகும். ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. அதற்கு மருந்து இன்ஜின் பிரேக்கிங். ஏறும்போது போட்ட அதே கியரில், அதாவது செகண்ட் அல்லது தேர்டில் இறங்க வேண்டும். நியூட்ரலில் இறக்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். இப்போதைய கார்களில் கியரில் இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும் என்பதால், நியூட்ரலில் மிச்சமும் இல்லை.

அதனால் ஆட்டோமேட்டிக் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஸ்டியரிங்கில் பேடில் ஷிஃப்டர் இருக்கிறதா? இல்லையென்றால் மேனுவல் மோடோ, 'எல்' அல்லது 'எஸ்' நிலையோ இருக்கிறதா? சிட்டி ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைக்கும் அளவை மாற்றவே பேடில் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும் உண்டு.

சன்ரூஃப் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் 6 ஏர்பேக், இஎஸ்சி, ஹில் ஹோல்டு இருக்கிறதா என்று பாருங்கள். குளோபல் என்கேப் சோதனையில் விர்ட்டஸ், ஸ்லாவியா, வெர்னா மூன்றும் 2023-ல் 5 ஸ்டார் பெற்றவை.

புதுசு எடுத்தால் செலவு எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. 4 மீட்டருக்கு உட்பட்ட சின்ன பெட்ரோல், டீசல் கார்களுக்கு (இன்ஜின் அளவு வரம்புக்கு உட்பட்டு) 18 சதவீதம். மிட்சைஸ் செடான்கள் 4 மீட்டருக்கு மேல் என்பதால் 40 சதவீதம். முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் 17 சதவீத செஸ்ஸும் சேர்த்து 45 சதவீதம் இருந்தது. ஆக, 5 சதவீதப் புள்ளிகள் குறைந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 15 சதவீதம். 15 லட்சம் ரூபாய் கார் என்றால் ரோடு டேக்ஸ் மட்டும் 2.25 லட்சம். இன்சூரன்ஸ் தனி. "ஷோரூம் விலை 15 லட்சம்தானே" என்று பட்ஜெட் போட்டால் கடைசி நேரத்தில் கையைக் கடிக்கும். எப்போதும் ஆன்ரோடு விலையைக் கேளுங்கள்.

உதாரணத்துக்கு, 12 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 24,900 ரூபாய். வட்டியாக மட்டும் சுமார் 2.95 லட்சம் கட்ட வேண்டியிருக்கும். வீட்டு வாடகை, பிள்ளைகள் ஃபீஸ் போக இது தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் டர்போ பக்கம் போக வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் என்ன கிடைக்கும்?

வெர்னா (2017-2023): 1.6 பெட்ரோல், டீசல். 2020-க்குப் பிறகு 1.5 பெட்ரோல், 1.5 டீசல், 1.0 டர்போ. டீசல் இழுவை மலைக்கு அருமை. புதிய மிட்சைஸ் செடான்களில் இப்போது டீசலே இல்லை. வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்ட் மட்டுமே வழி.

சிட்டி (2014-ல் வந்த நான்காம் தலைமுறை): பெட்ரோல் இன்ஜின் உழைக்கும். உதிரி பாகம் சுலபம். அதனாலேயே விலையும் எளிதில் இறங்காது.

வென்டோ (2010-2022), ரேபிட் (2011-2021): ஓட்டுவதற்கு ஜாலியான, கெட்டியான வண்டிகள். பழைய டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கார் என்றால் சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இல்லாமல் தொடாதீர்கள். ரிப்பேர் வந்தால் பில் பெரிது.

பெட்ரோலில் இன்னொரு விஷயம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் என்றால், இ20-க்கு ஏற்றதா என்பதை மேனுவலிலோ, பெட்ரோல் டேங்க் மூடியிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவ் மலையிலேயே போகலாமே!

சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி. சம ரோட்டில் மறைந்திருக்கும் கோளாறை ஏற்காடு ரோடு சில வளைவுகளிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, உரிமையாளர் சம்மதத்துடன் சில வளைவுகள் வரை ஏறி இறங்குங்கள்.

* ஏறும்போது ஆர்பிஎம் கூடுகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது.
* ஏசி போட்டு ஏறும்போது டெம்பரேச்சர் எகிறினால் கூலிங்கில் கோளாறு.
* ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது 'கட கட' சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் போயிருக்கலாம்.
* இறங்கும்போது பிரேக் பெடலோ ஸ்டியரிங்கோ அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம்.
* டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும் பழைய டயர் மலைக்கு ஆகாது.
* கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். மண் படிவு, துரு, பூஞ்சை வாசனை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2015, 2023 சென்னை வெள்ளங்களுக்குப் பிறகு இந்தச் சந்தேகம் எப்போதும் தேவை.

பேப்பர் வேலையில் ஏமாறாதீர்கள்

* ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம் வேண்டும்.
* பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்குபவர் 30 நாட்களுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும்.
* பெங்களூரு வண்டி விலை குறைவாகத் தெரியும். ஆனால் படிவம் 28-ல் என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் லாபம் கரைந்துவிடலாம்.
* எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், அபராத நிலுவையைப் பாருங்கள்.
* இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

யாருக்கு எது?

முதல் முறை கார் ஓட்டக் கற்பவர், பட்ஜெட் இறுக்கம்: நல்ல சர்வீஸ் ரெக்கார்டு உள்ள செகண்ட் ஹேண்ட் சிட்டி அல்லது வெர்னா பெட்ரோல்.

வாரம் ஒரு முறை முழு குடும்பத்துடன் மலை: புதிய 1.0 டர்போ, டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்.

ஓட்டுவதே சந்தோஷம், தவணையும் தாங்கும்: வெர்னா டர்போ அல்லது 1.5 டர்போ விர்ட்டஸ், ஸ்லாவியா.

தினமும் அதிக தூரம், பெட்ரோல் செலவுதான் கவலை: சிட்டி ஹைபிரிட். டிக்கி அளவை மட்டும் நேரில் பார்த்துவிடுங்கள்.

எந்த கார் எடுத்தாலும், குறுகலான இடத்தில் மேலே ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது மலைப்பாதை விதி. மழைக்காலத்தில் கிளம்பும் முன் ரோடு நிலவரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து பாதிக்கப்பட்டது. செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மெக்கானிக்கின் கருத்தையும் ஆர்சி விவரத்தையும் கையில் வாங்கிவிடுங்கள். டயர், பிரேக், பேட்டரிக்கு என்று ஒரு தொகையை முதல் நாளே ஒதுக்கி வைத்தால் பிறகு திண்டாட வேண்டியதில்லை.