ஓசியா, துட்டா? ஒரு எஸ்எஸ்ஹெச் பஞ்சாயத்து

நம்ம மக்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்கதானே. தூரத்து சர்வர்ல ஆணி புடுங்க ஓசி மென்பொருளா, துட்டு கொடுத்து வாங்கினதாங்கற பஞ்சாயத்து எல்லா ஆபீஸ்லயும் உண்டு. அதுக்கு ஒரு பழைய கதை இருக்குங்க.

ஒரு காலத்துல எல்லாரும் டெல்நெட்தான். கடவுச்சொல் வெறும் எழுத்தா கம்பியில போகும். நடுவுல ஒட்டுக் கேட்டா போச்சு. 1995-ல ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில எவனோ அப்படித்தான் சுட்டான். அங்கே இருந்த டாட்டு யூலோனென் கடுப்பாகி எழுதினதுதான் எஸ்எஸ்ஹெச். ஜூலையில மூலநிரலோட ஓசியாவே விட்டார். (எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவுல காலியா இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிட்டார், கில்லாடி!) வருஷக் கடைசியில கம்பெனி ஆரம்பிச்சார். அடுத்தடுத்த பதிப்புகள்ல உரிமம் இறுகிக்கிட்டே போச்சு.

அவர் மேல எனக்குக் கோபமில்லை. எழுதினவரும் சாப்பிடணுமில்ல? ஆனா தாராளமா கொடுத்த பழைய உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாதே. 1999-ல பியோர்ன் கிரோன்வால் பழைய 1.2.12 பதிப்பைத் தூசு தட்டி எடுத்தார். ஓப்பன்பிஎஸ்டி ஆளுங்க அதைக் கழுவித் துடைச்சு, டிசம்பர்ல வந்த அவங்க 2.6-ல சேர்த்தாங்க. அதான் ஓப்பன்எஸ்எஸ்ஹெச். 2001 பிப்ரவரியில யூலோனென், எஸ்எஸ்ஹெச் எங்க வணிகக்குறி, பேரை மாத்துங்கன்னு கேட்டார். அவங்க அசையலை.

விண்டோஸ்ல சைமன் டாதமோட புட்டி இருக்கு, அதுவும் ஓசி. 2018-லேருந்து விண்டோஸ் 10-லயே ஓப்பன்எஸ்எஸ்ஹெச் வந்தாச்சு. அப்போ செக்யூர்சிஆர்டிக்கு ஏன் துட்டு? நூத்துக்கணக்குல சர்வர், ரவுட்டர்னு மேய்க்கிறவங்களுக்கு எல்லாத்தையும் ஃபோல்டர் போட்டு அடுக்கி வெக்க, ஸ்கிரிப்ட் எழுதி ஓட்ட, சிக்கல்னா கேட்க ஒரு ஆள். அதுக்குத்தான். பாதுகாப்பு கூடுதலா கிடைக்கும்னு நெனச்சு வாங்காதீங்க.

ஓசிக்காரங்களும் ரொம்ப ஆடக்கூடாது. 2024 மார்ச்சுல எக்ஸ்இசட்ங்கற சுருக்கு நூலகத்துல எவனோ பின்வாசல் வெச்சது தெரிய வந்துச்சு. குறி, லினக்ஸ்ல ஓடற ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர். நல்லவேளை, பெரும்பாலான பொட்டிகளுக்குப் போறதுக்குள்ள மாட்டிக்கிச்சு. லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் நோண்டினதால கண்டுபிடிச்சது. அந்த நூலகத்தை வருஷக்கணக்கா சம்பளமில்லாம பார்த்துக்கிட்டது கிட்டத்தட்ட ஒத்தை ஆள். நோண்டிக் கண்டுபிடிச்ச ஃப்ராயிண்டுக்கோ மைக்ரோசாஃப்ட்ல வேலை!

என் ஓட்டு புட்டிக்குத்தான். ஆபீஸ்ல செக்யூர்சிஆர்டி வாங்கித் தந்தா வேணாம்னும் சொல்ல மாட்டேன், ஹி ஹி.