நிறுத்தலும் தொடர்தலும்: குர்ஆன் ஓதல் விதிகளும் தமிழ் ஒலிமரபும்

குர்ஆனை ஓதுவோர் எவ்விடத்தில் நிறுத்த வேண்டும், எவ்விடத்திலிருந்து தொடங்க வேண்டும் என வரையறுக்கும் துறை அரபியில் 'வக்ஃபு, இப்திதா' எனப்படும். கி.பி. 940இல் மறைந்த இப்னுல் அன்பாரி இதற்கெனத் தனிநூல் இயற்றினார். 12ஆம் நூற்றாண்டினரான சஜாவந்தி நிறுத்தங்களைத் தரம் பிரித்து எழுத்துக்குறிகள் அமைத்தார். 'மீம்' கட்டாய நிறுத்தத்தையும், 'ஜீம்' நிறுத்தல், தொடர்தல் ஆகிய இரண்டிற்குமான இசைவையும், 'லா' நிறுத்தலாகாமையையும் உணர்த்தும். இந்தியப் பதிப்புகள் பெரிதும் இம்முறையையே தழுவின. 1924ஆம் ஆண்டின் கெய்ரோப் பதிப்பு வேறொரு குறிமுறையை மேற்கொண்டது.

நிறுத்தம் பொருளை மாற்றவல்லது. மூன்றாம் அத்தியாயத்தின் ஏழாம் வசனத்தில் 'அல்லாஹ்' என்னும் சொல்லின்பின் நிறுத்தினால், பல்பொருள் வசனங்களின் விளக்கத்தை இறைவன் ஒருவனே அறிவான் என்றாகும். தொடர்ந்தால், கல்வியில் தேர்ந்தோரும் அறிவர் என்றாகும். இந்தியப் பதிப்புகளில் இவ்விடத்தில் 'மீம்' காணப்படுகிறது. மொழிபெயர்ப்பாளரும் இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

நிறுத்தம் ஒலியையும் மாற்றும். சொல்லிறுதிக் குற்றுயிர் கெடும்: 'கிதாபு' என்னும் எழுவாய் வடிவம் நிறுத்தத்தில் 'கிதாப்' என்றாகும். 'ரஹ்மதுன்' என்பது 'ரஹ்மஹ்' என்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து மும்பைத் தாராவியில் குடியேறிய தமிழ் முஸ்லிம்கள், உருது பேசுவோரின் அண்டையில் வாழ்ந்து வந்துள்ளனர். அங்குள்ள படீ மஸ்ஜித் 1887இல் தோன்றியது. ஒரே அரபுச் சொல் உருதுவில் 'கிதாப்' எனவும் தமிழில் 'கிதாபு' எனவும் வழங்குவது இவ்விரு மொழிகளின் இயல்பு வேறுபாட்டைக் காட்டும். 'வக்ஃபு' என்னும் துறைப்பெயரும் அவ்வாறே உகரம் பெற்றதாகும்.

தமிழில் வல்லினமெய் சொல்லிறுதியில் நில்லாது, குற்றியலுகரம் ஏற்கும். அவ்வுகரம் நிறுத்தத்தில் ஒலித்து, உயிர் வருமொழியாகத் தொடருமிடத்துக் கெடும் ('நாடு + இல்லை = நாடில்லை'). அரபியிலோ உகரம் தொடர்ச்சியில் ஒலித்து நிறுத்தத்தில் கெடும். எனவே விதி நீக்கிய உயிரையே தமிழ் நா தன் இயல்பால் மீட்டுவிடக்கூடும்.

காஃப், தோ, பா, ஜீம், தால் ஆகிய ஐந்தெழுத்துகளுக்கு நிறுத்தத்தில் 'கல்கலா' என்னும் சிற்றதிர்வு உண்டு. அது உயிரொலி ஆகாது. குற்றியலுகரத்திற்கும் இவ்வதிர்விற்கும் இடையிலான நுண்ணிய எல்லையை உணர்த்துவதே தமிழ் மாணவர்க்கு ஓதல் கற்பிப்போரின் முதற்கடன் எனலாம். விதியை மனப்பாடம் செய்விப்பதனினும், தாய்மொழிப் புணர்ச்சியோடு ஒப்பிட்டுக் காட்டுதல் இதற்குப் பெரிதும் பயன்படும்.