சேத்தக்: கடற்படைப் பயன்பாட்டு ஹெலிகாப்டரின் பணிக்காலம்

இந்தியக் கடற்படை 1960களிலிருந்து பறக்கவிட்டுவரும் சேத்தக், ஒற்றை எஞ்சின் கொண்ட இலகு ரக ஹெலிகாப்டராகும். பிரான்சில் 1959 பிப்ரவரி 28 அன்று முதன்முதலாகப் பறந்த அலூவெத் 3 என்னும் வடிவத்தை, 1962இல் பெற்ற உரிமத்தின்படி பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (எச்.ஏ.எல்.) கட்டத் தொடங்கி, ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரை அதற்குச் சூட்டியது. விமானியோடு ஏழு பேர் அமரக்கூடிய இந்த ஊர்தியின் மூன்று சுழல் இறக்கைகளையும் பின்னோக்கி மடக்கிவிடலாம் என்பதே சிறிய போர்க்கப்பல்களின் கொட்டகைகளில் அதற்கு இடம் தேடித் தந்தது.

பயன்பாட்டு ஹெலிகாப்டர் என்பது ஒரே பணிக்கென்று அமையாமல், கடலில் விழுந்தோரை மீட்பது, நோயாளிகளைக் கரைசேர்ப்பது, கப்பலுக்குக் கப்பல் ஆட்களையும் பொருள்களையும் கொண்டுசெல்வது எனப் பலவற்றுக்கும் பயன்படுவது. 1971 போரில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் மீட்புக்காக நின்ற அலூவெத், 1972இல் படையில் சேர்ந்த நீலகிரி போர்க்கப்பலில் நீர்மூழ்கி எதிர்ப்புப் பணியையும் ஏற்றது.

ஹெலிகாப்டரின் பணிக்காலம் பறந்த மணிகளாலும் கடந்த ஆண்டுகளாலும் அளக்கப்படுகிறது. சுழல் இறக்கை, அதைத் தாங்கும் குடம் போன்ற உறுப்புகளுக்குத் தனித்தனி வரம்பு உண்டு. வரம்பை எட்டியதும், பார்வைக்குப் பழுதின்றி இருந்தாலும், அவை கழற்றப்படுகின்றன. உறுப்புகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருப்பதால், உதிரிப்பாகம் கிடைக்கும்வரை ஊர்திக்கு இயல்பான முடிவுநாள் என்று ஒன்று இல்லை. கடலிலோ உப்புத்துளிகள் உலோகக் கலவைகளை அரிப்பதோடு எஞ்சினுக்குள்ளும் படிவதால், அதை நன்னீரால் அடிக்கடி கழுவ வேண்டியுள்ளது. எஞ்சின் நின்றால், இறங்கும் வேகத்தில் காற்றே இறக்கைகளைச் சுழற்ற, தரைக்கு மேல் பறப்பவர் ஒரு வயலையாவது தேடிக்கொள்ளலாம். கடலில் அதற்கும் வழியில்லை. மாற்று ஊர்திக்கு இரட்டை எஞ்சின் வேண்டுமெனக் கடற்படை கேட்பது இதனால்தான். தரையிலும் விபத்து நேர்ந்ததுண்டு: 2023 நவம்பர் 4 அன்று கொச்சியின் கருடா கடற்படை விமானத் தளத்தில் சேத்தக் ஒன்று விபத்துக்குள்ளானதில் தரைப்பணியாளர் ஒருவர் உயிரிழந்தார்.

ஆனால் சேத்தக்கின் ஆயுளை உண்மையில் நீட்டித்தவை பட்டறைகளைவிட டெல்லியின் கோப்புகளே எனலாம். 2012இல் 56 இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர்களுக்குக் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளி கைவிடப்பட்டது. 2017இல் மேலும் 8 சேத்தக்குகளே எச்.ஏ.எல்.லிடம் வாங்கப்பட்டன, முதற்பறப்பிலிருந்து ஏறத்தாழ அறுபதாண்டு கடந்த வடிவத்துக்கு இது அரிய மறுவாய்ப்பு. 2018 ஆகஸ்ட் 25 அன்று, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் தலைமையில் டெல்லியில் கூடிய பாதுகாப்புக் கொள்முதல் குழு, 21,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் 111 ஹெலிகாப்டர்களுக்கு ஒப்புதல் அளித்தது. இந்தியத் தனியார் நிறுவனம் வெளிநாட்டு உற்பத்தியாளரோடு கூட்டுச்சேர்ந்து உள்நாட்டிலேயே கட்டும் கூட்டாண்மை முறையில் இத்திட்டம் வகுக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் விருப்பக் கோரிக்கை வெளியிடப்பட்டபோதும், ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.

மாற்றாகக் கருதக்கூடிய எச்.ஏ.எல்.லின் துருவ் ஹெலிகாப்டரோ, இறக்கைகளை மடக்கிய பின்னும் அகலமாக இருந்ததால் சிறிய கொட்டகைகளுக்குப் பொருந்தாமல், பெரும்பாலும் கரைத்தளங்களிலிருந்தே இயங்கியது. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து நொறுங்கியபின் அவ்வகை ஊர்திகள் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டபோது, சேத்தக்கின் சுமை கூடியது. அவ்வாண்டு ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் கடற்படைக்கு 51, கடலோரக் காவல்படைக்கு 25 என மொத்தம் 76 ஹெலிகாப்டர்களுக்குத் தகவல் கோரிக்கை வெளியிட்டது. இது உற்பத்தியாளர்களிடம் என்ன உண்டு என விசாரிக்கும் கட்டமே, விலை கேட்கும் கட்டம் இதற்குப் பின்னரே வரும்.