சுடக்கூடாத படைக்கு ஒரு தளபதி

ஜெனரல் திம்மையா என்றால் இன்றும் பேசப்படுவது 1959 ஆகஸ்ட் 31தான். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் தரைப்படைத் தலைமைத் தளபதி அன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு கூப்பிட்டுப் பேசினார், கடிதம் திரும்பி வந்தது, செய்தி கசிந்து நாடாளுமன்றம் கொதித்தது. அந்த இரண்டு மூன்று நாள் பரபரப்பைப் பற்றி எழுதித் தீர்த்தவர்கள், 1961 மே மாதம் ஓய்வு பெற்றபின் அவர் செய்த வேலையை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த வேலை சைப்ரஸில் இருந்தது. அதற்கான பாடத்தை அவர் படித்தது கொரியாவில்.

கொடந்தேரா சுப்பையா திம்மையா 1906இல் குடகின் மடிகேரியில் பிறந்தவர். எட்டு வயதில் குன்னூர் செயின்ட் ஜோசப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பிறகு பெங்களூர், டேராடூன், கடைசியாக இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் காலாட்படைப் பிரிகேடு ஒன்றைப் போர்க்களத்தில் நடத்தினார். அந்த வாய்ப்பு கிடைத்த ஒரே இந்தியர் அவர். அவருடைய அண்ணனோ நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார்! காஷ்மீர்ப் போரில், 1948 நவம்பரில், பதினோராயிரம் அடிக்கும் மேலான சோஜிலா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றியது அவர் திட்டம். எதிரிக்குத் தெரியாமலிருக்க மேற்கூண்டுகளைக் கழற்றி மறைத்துக் கொண்டுபோனார்கள். அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பார்க்காத எதிர்த்தரப்பு நிலைகுலைந்தது. லடாக் பாதை திறந்தது.

இப்படிச் சண்டையில் பெயர் எடுத்தவரைத்தான் 1953இல், சண்டையே போடக்கூடாத இடத்துக்கு அனுப்பினார்கள்.

கொரியப் போர் ஓய்ந்திருந்தது. தாய்நாடு திரும்ப மறுத்த கைதிகளை என்ன செய்வது என்பதே மிச்சமிருந்த சிக்கல். ஐ.நா. தரப்பு ஒப்படைத்தவர்கள் மட்டும் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல். எதிர்த்தரப்பு ஒப்படைத்தது சில நூறு பேர். ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் ஆணையத்துக்குத் திம்மையா தலைவர். காவலுக்கு மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில் இந்தியப் படை. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்தியர் கால் தன் மண்ணில் படக்கூடாது என்று அடம்பிடித்ததால், இன்ச்சான் துறைமுகத்திலிருந்து அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி ராணுவமற்ற பகுதிக்குள் இறக்க வேண்டியதாயிற்று.

ஆணையத்திலேயே இரண்டு நாடுகள் ஒரு பக்கம், இரண்டு நாடுகள் மறுபக்கம். முடிச்சவிழ்க்கும் ஓட்டு திம்மையாவினுடையது. நாடு திரும்பும்படி எடுத்துச் சொல்லும் விளக்கக் கூட்டங்களுக்குக் கைதிகளைக் கட்டாயப்படுத்தி இழுத்துவந்தால் ரத்தம் சிந்தும். விட்டுவிட்டால் ஒரு தரப்பு துரோகம் என்று கூவும். அவர் ரத்தத்தைத் தவிர்த்தார். அதனால் இரு தரப்பின் வசவும் அவருக்கே வந்து சேர்ந்தது. 1954 ஜனவரியில் கைதிகளை, ஒப்படைத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். எந்தக் கொரியாவும் சீனாவும் வேண்டாம், நடுநிலை நாடே போதும் என்ற 88 பேர் மட்டும் இந்தியப் படையோடு கப்பலேறி அந்தப் பிப்ரவரியில் சென்னையில் வந்து இறங்கினார்கள். அவ்வாண்டே திம்மையாவுக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

பத்து ஆண்டு கழித்து சைப்ரஸ். கிரேக்க, துருக்கிய சமூகங்கள் 1963 டிசம்பரில் வெட்டிக்கொள்ளத் தொடங்க, 1964 மார்ச்சில் ஐ.நா. படை அமைந்தது. முதல் தளபதி இந்தியரான கியானி. ஜூலையில் அந்தப் பொறுப்பு, ஓய்வில் இருந்த திம்மையாவிடம் வந்தது. பிரிட்டன், கனடா, அயர்லாந்து, டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன் நாட்டு வீரர்கள் அவர் கீழே. இந்தியா சிப்பாய்களை அனுப்பவில்லை, தளபதியை மட்டுமே அனுப்பியது. தற்காப்புக்கன்றித் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது அந்தப் படைக்கு விதி.

வந்து ஒரு மாதம் ஆவதற்குள் தீவின் வடமேற்கில் கொக்கினா பகுதியில் சண்டை மூண்டது. துருக்கி விமானங்கள் குண்டு வீசின. அது ஓய்ந்த கையோடு, செப்டம்பரில் ஸ்வீடன் வீரர்கள் சிலரே துருக்கிய சைப்ரஸ்காரர்களுக்கு ஆயுதம் கடத்திப் பிடிபட்டார்கள். நடுநிலை என்ற ஒன்றையே முதலாக வைத்து நடக்கும் படையின் தளபதிக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு இருக்க முடியாது. அதன்பிறகும் அவரைத் தீவு ஏற்றுக்கொண்டதுதான், என் கணிப்பில், சோஜிலாவைவிடக் கடினமான ஏற்றம்.

1965 டிசம்பர் 18 அன்று பதவியில் இருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டு சைப்ரஸ் அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது. லார்னகா நகரின் ஒரு பெரிய சாலைக்கும் அவர் பெயர்தான்.

அடுத்து வந்தவர் பின்லாந்தின் மார்ட்டோலா. 1969இல் ஐ.நா. மறுபடி ஓர் இந்தியரைத் தேடி, திவான் பிரேம் சந்தை நியமித்தது. 1974இல் துருக்கிப் படை தீவில் இறங்கியபோது நிக்கோசியா விமான நிலையத்தை இரு தரப்புக்கும் விடாமல் ஐ.நா. பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் அவர்.